மழைக்கோட்டு ஈரமா, காய்ந்ததா

படம் வெளியான நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "நாவலுக்குப் படம் நியாயம் செஞ்சிருக்கா?" நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டருக்கு வருகிறவர்கள்கூடச் சீட்டை நீட்டிக்கொண்டே கேட்கிறார்கள். மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின் என்று சொல்லி மாத்திரை உறையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். பின்னால் இருமிக்கொண்டு நிற்கும் வரிசையை வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. நாவலைப் படிக்காதவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள் என்பதையும் கவனித்து வைத்திருக்கிறேன்.

நான் எழுதியது அந்த ஒரு நாவல்தான். பதினான்கு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை ஒரு பெண் வளர்கிற கதை. பெயரை மாற்றி, தெருவை மாற்றி, பக்கத்து வீட்டுப் பூனையின் நிறத்தைக்கூட மாற்றி எழுதினேன். இருந்தும் அது நான்தான் என்று முதல் அத்தியாயத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. எனக்கு எட்டு வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா லாரி ஓட்டினார், மாதத்தில் ஒரு வாரம் வீட்டில் இருந்தால் அதிகம். என்னை வளர்த்தது என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்கா. மீன் பதப்படுத்தும் கம்பெனியில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு மீனைச் சுத்தம் செய்து பெட்டியில் அடுக்க வேண்டும்.

அந்த அக்காவை நாவலில் நான் நல்லவளாக எழுதவில்லை. பொய்யும் எழுதவில்லை என்று பதினாறு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் அதட்டல். ஒன்பது அடித்தால் விளக்கை அணைத்துவிடுவாள். எல்லாம் நடந்ததுதான். கடைசிக்கு முந்தைய அத்தியாயம் பள்ளிக்கூட நாடகம். அதில் எனக்கு ராணி வேஷம். வருகிறேன் என்று சொன்ன அக்கா வரவில்லை. முன்வரிசையில் அவளுக்காகப் பிடித்து வைத்த நாற்காலி கடைசி வரை காலியாகவே கிடக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குகிறாள். காலையில் கேட்டதற்கு, அசந்து தூங்கிவிட்டேன் என்கிறாள். அன்றைக்கே அந்தப் பெண், படிப்பை முடித்ததும் இந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறாள். அந்தக் காலி நாற்காலிக்காக எனக்கு வந்த கடிதங்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன.

நிஜத்திலும் போனேன். கல்லூரி, வேலை எல்லாம் வேறு ஊரில். அக்காவோடு சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. வாரத்துக்கு ஒரு போன், மூன்று நிமிடம். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா, அங்கே மழை உண்டா, சரி வைக்கட்டுமா. நாவல் வந்ததும் ஒரு பிரதி அனுப்பினேன். படித்தாயா என்று நானும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. அக்காவுக்கும் புத்தகத்துக்கும் வெகுதூரம் என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அதனால், நாவலைப் படமாக எடுக்கிறேன் என்று இயக்குநர் வந்து உட்கார்ந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அக்காதான். புத்தகத்தைப் பிரிக்காமல் இருந்துவிடலாம். தங்கச்சி கதை சினிமாவாக வந்தால் எப்படிப் பார்க்காமல் இருப்பாள்? அக்கம்பக்கத்தில் அத்தனை பேரும் பார்ப்பார்களே. தன்னை இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரியாக இருட்டில் உட்கார்ந்து அவள் பார்க்கப்போகிறாள் என்பதுதான் என் பயம், வேறெதுவும் இல்லை. இருந்தும் சரி என்று சொல்லிவிட்டேன். சினிமா ஆசை யாரை விட்டது.

இயக்குநர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். யோசிக்கும்போதெல்லாம் தாடியை இழுப்பார், எனவே எந்நேரமும் இழுத்துக்கொண்டிருப்பார். திரைக்கதையைப் படிக்கக் கொடுத்தார். நாவலில் என் மாமா வருகிற மூன்று அத்தியாயங்களைக் காணோம். இரண்டு தோழிகளை ஒருத்தியாக்கியிருந்தார். பூனை சொன்ன பேச்சைக் கேட்காது என்று அதை நாயாக்கிவிட்டிருந்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு இல்லையா, ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை நான். மாமா இல்லாமல் இந்தக் கதை எப்படி நிற்கும் என்று கேட்டேன். அவர் தாடியை இழுத்துக்கொண்டே, நிற்கும் மேடம் என்றார். நின்றது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மாமாவை நான் எழுதியது அவர் சிரிப்புக்காக, கதைக்காக இல்லை.

படப்பிடிப்புக்கு என்னை வரச் சொன்னார்கள். ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து அதற்குள் எங்கள் வீட்டைக் கட்டியிருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஆணி, ஜன்னலடியில் ஸ்டவ், சுவரோரம் அக்காவின் பாய். நான் எழுதியது எழுதியபடி இருந்தது. நான் எழுத மறந்ததும் இருந்தது. ஸ்டவ்வுக்குப் பின்னால் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. அதைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

அங்கேதான் கேள்விக்குறியைச் சந்தித்தேன். கன்டின்யூட்டி பார்க்கிற அம்மாள் அவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, கை நிறையக் கலர் பென்சில். எந்தக் காட்சி எந்த நாளில் நடக்கிறது, அன்றைக்கு யார் என்ன உடுத்தியிருந்தார், யார் கையில் கட்டு, எது ஈரம், எது காய்ந்தது என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. முந்தாநாள் எடுத்த காட்சியில் பாதி குடித்த டம்ளர், இன்றைக்கு நிறைந்திருந்தால் அவர் தலைதான் உருளும். அதனால் எதையும் கேட்காமல் விடமாட்டார். பெயர் அப்படித்தான் வந்தது. என் நாவலை நாள் நாளாகப் பிரித்து, நாளுக்கு ஒரு தாளாகச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

நாடகத்துக்குப் பிறகு அந்தப் பெண் வீட்டுக்கு வருகிற காட்சியை மறுநாள் எடுப்பதாக இருந்தார்கள். அம்மாள் என் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ரைட்டரம்மா, ஒரு சின்ன சந்தேகம். கதவுப் பக்கம் ஆணியில அக்காவோட மழைக்கோட்டு தொங்குதுல்ல, அதை நனைக்கணுமா, வேண்டாமா?"

புத்தகத்திலேயே எழுதியிருக்கிறேனே என்றேன், கொஞ்சம் மிதப்பாகத்தான்.

"எழுதியிருக்கீங்க. கோட்டுலேருந்து தண்ணி சொட்டித் தரையில தேங்கியிருக்கு. உள்ள வந்ததும் நீங்க அதுல காலை வச்சு, சாக்ஸ் நனைஞ்சு, கோவம் வருது."

அப்புறம் என்ன, நனையுங்கள் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. அன்றைய நாளின் தாளைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். நீலப் பென்சிலால் மழை, சிவப்புப் பென்சிலால் அக்கா. மழை எப்போது தொடங்கியது என்று கேட்டார். நாடகத்தின் மூன்றாவது காட்சியில், தகரக் கூரையில் சடசடவென்று. அதற்கு முன் அன்று சொட்டு மழை கிடையாது, சாயங்காலம் வெயில் அடித்தது என்றுகூட நான் எழுதியிருந்தேன்.

"அக்காவுக்கு அஞ்சரைக்கு வேலை முடியுது. நேரா வீட்டுக்கு வந்து ஆறு மணிக்குப் படுத்துட்டாங்கன்னா, ஏழு மணி மழையில அந்தக் கோட்டு எப்படிம்மா நனைஞ்சுது?"

பதினாறு வருஷம், ஏழு பதிப்பு, ஒரு அட்டைப்பெட்டிக் கடிதங்கள். ஒருவர் கேட்டதில்லை. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஆள் காலி என்று மூன்று தடவை சரிபார்க்கிறவள் நான். என் புத்தகத்தை ஒரு தடவைகூட அப்படிச் சரிபார்த்ததில்லை. எழுதும்போது தப்பாகிவிட்டது, காய்ந்த கோட்டாக வைத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஏனென்றால் கோட்டு நிஜமாகவே நனைந்திருந்தது. அந்தச் சில்லிப்பு இன்னும் என் உள்ளங்காலில் இருக்கிறது. முப்பது வருஷமாக அதை ஞாபகம் வைத்திருந்தேன், ஆனால் ஏன் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமில்லை, நாளைக்குச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தேன்.

கேள்வியை அவர் கேட்டார். விடை என்னிடம்தான் இருந்தது. அன்று காலையில் நடந்த ஒன்றை நான் புத்தகத்தில் எழுதவில்லை. அக்கா வேலைக்குக் கிளம்பும்போது, சாயங்காலம் நேரே நாடகத்துக்கு வந்துவிடுகிறேன் என்றாள். நான் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தேன். திரும்பாமலேயே சொன்னேன்: "வர்றதா இருந்தா குளிச்சிட்டு வா. அந்த நாத்தத்தோட வராதே. என் ஃபிரண்ட்ஸெல்லாம் இருப்பாங்க." அக்கா பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு வேலை முடிவது ஐந்தரைக்கு, நாடகம் ஆறு மணிக்கு. கம்பெனியிலிருந்து பள்ளிக்கூடம் ஒரு திசை, வீடு இன்னொரு திசை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நாடகத்துக்கும் நேரத்துக்கு வர அன்று யாராலும் முடியாது. அம்மாளின் தாளைப் பார்த்தால் ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அக்கா வந்திருக்கிறாள், உள்ளேதான் வரவில்லை.

நாவலை மூன்று முறை திருத்தி எழுதினேன். மூன்று முறையும் அந்த வாக்கியம் வந்தது, மூன்று முறையும் அடித்தேன். ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்த வாக்கியம் இருந்தால் நாற்காலி காலியாக இருந்ததற்கு வாசகர்கள் என் மேல் இரக்கப்பட மாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பாவம் என் தட்டு என்று அழுதிருக்கிறேன்.

அக்காவுக்கு உடனே போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமென்றால் அந்த வாக்கியத்தை நான் மறுபடி சொல்ல வேண்டும். அதற்குத் துணிச்சல் வரவில்லை. மறுநாள் காலை கிடங்குக்குப் போய் அந்நியர் இரண்டு பேரிடம் சொன்னேன். அம்மாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இயக்குநர் தாடியிலிருந்து கையை எடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"மேடம், இதைப் படத்துல வச்சுக்கலாமா? வச்சா எல்லாரும் உங்களைத்தான் திட்டுவாங்க."

வெளியே போய் ஒரு டீ குடித்தேன். அது பத்தாமல் இன்னொன்றும் குடித்தேன். பதினாறு வருஷமாக நான் சம்பாதித்த இரக்கமெல்லாம் போய்விடும். எழுத்தாளர் பொய் சொல்லியிருக்கிறார் என்று பேசுவார்கள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த வாக்கியத்தை அக்கா ஒருவேளை மறந்திருந்தால்? தியேட்டரில் ஊர் நடுவில் உட்கார வைத்து அவளுக்கு ஞாபகப்படுத்தப்போகிறேனா? எதுவும் தெளியவில்லை. ஆனால் அவளைக் கல்நெஞ்சுக்காரியாக இன்னொரு தரம் காட்டுவதற்கு என் கை இனி உதவாது என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. உள்ளே போய், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

படம் முடிந்து, வெளியிடுவதற்கு முன்னால் வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு காலைக் காட்சி போட்டார்கள். நாற்பது பேர் உட்காரக்கூடிய சின்ன அரங்கம். அக்காவை அழைத்திருந்தேன். வரமாட்டாள் என்று பாதி நம்பினேன், பாதி வேண்டிக்கொண்டேன். பஸ் பிடித்து அரை மணி முன்னதாகவே வந்து வாசலில் நின்றிருந்தாள். ஐம்பத்தாறு வயது, வேலையிலிருந்து நின்றுவிட்டாள், விரல்கள் மட்டும் குளிரில் மடங்கினது மடங்கினதுதான். என்னைப் பார்த்ததும், என்ன பாப்பா இளைத்துவிட்டாய் என்றாள். பாப்பாவுக்கு நாற்பத்தேழு வயதாகிறது, இளைக்கவும் இல்லை.

படம் ஓடத் தொடங்கியது. நான் திரையைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தேன். அந்தக் காலை வந்தது. சின்னப் பெண் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னாள், என்னைவிட மெதுவாக, அதனால் இன்னும் கொடுமையாக. பின்வரிசையில் யாரோ "ச்சே" என்றார்கள். அக்கா அசையவில்லை. மடியில் இருந்த கைப்பையின் பிடியை மட்டும் இறுக்கிக்கொண்டாள்.

நாடகம் வந்தது, காலி நாற்காலி வந்தது, தகரக் கூரையில் மழை வந்தது. அடுத்தது அந்தப் பெண் வீட்டுக்கு வருகிற காட்சி என்று காத்திருந்தேன். இயக்குநர் அதற்கு முன்னால் ஒன்று வைத்திருந்தார், எனக்குச் சொல்லவில்லை. யாருமில்லாத எங்கள் வீடு. கதவு திறக்கிறது. அக்காவாக நடித்த பெண் சொட்டச் சொட்ட உள்ளே வருகிறாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறாள். ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பாலைச் சுடவைத்து மூடி வைக்கிறாள். படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. அவசரமாகப் பாயில் படுத்து, ஈரக் கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்புகிறாள். பேச்சில்லை, பாட்டில்லை, ஒரு நிமிஷம் இருக்கும்.

நான் வாய்விட்டு அழுதேன். என் நாவலில் எல்லாவற்றையும் அந்தப் பெண்தான் சொல்கிறாள், அவள் இல்லாத அறைக்குள் கதை போகவே போகாது. கேமரா அவளை விட்டுவிட்டு முன்னால் ஓடி, அவள் வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பாலை அன்று நான் குடித்தேன். சூடாக இருந்தது என்று நாவலில் எழுதியும் இருக்கிறேன். யார் சுடவைத்தது என்று எழுதவில்லை. இயக்குநருக்கும், கேள்விக்குறிக்கும், பத்து நாள் மீன் கம்பெனியில் போய் நின்று ஐஸில் கையைப் புண்ணாக்கிக்கொண்டு வந்த அந்த நடிகைக்கும் நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. அன்று மூன்று பேர் கையையும் பிடித்துக்கொண்டேன்.

டாக்சி பிடிக்கலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை, பஸ்தான் என்றாள். நிறுத்தத்தில் நின்றோம். படம் எப்படி என்று கேட்காமல் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே தொடங்கினாள். அந்தப் பெண்ணுக்கு மீன் அடுக்கத் தெரியவில்லை என்றாள். ஒன்றின் தலைப் பக்கம் அடுத்ததன் வால் வர வேண்டுமாம், அப்போதுதான் பெட்டி கொள்ளுமாம். மற்றபடி நல்ல பெண், நன்றாக நடித்தாள், பாவம், ஒல்லியாக இருக்கிறாள். நான் அதற்கு மேல் தாங்க முடியாமல், அக்கா, அன்றைக்குக் காலையில் நான் சொன்ன அந்த வார்த்தை, என்று ஆரம்பித்தேன்.

"அது புக்ல இல்லையே" என்றாள் அக்கா.

நீ படித்தாயா என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ. முதல் தடவ, அந்த இடம் எப்ப வருமோன்னு பயந்துக்கிட்டே படிச்சேன். வரல. கண்ணுல விட்டுட்டேனோன்னு மறுபடி தேடிப் படிச்சேன். அப்புறம்தான், நீ அதை மறந்துட்டேன்னு புரிஞ்சுது. நல்லவேளைன்னு இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. எது நல்லவேளை என்று கேட்டேன்.

"ஞாபகம் இருந்தா உனக்குத்தானே கஷ்டம், பாப்பா."

மறக்கவில்லை அக்கா, மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்தேன் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மூக்கு ஒழுகிவிட்டது. அவள் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல அழுத்தித் துடைத்துவிட்டு, ரோட்டில் நின்று அழாதே, பார்க்கிறார்கள் என்று அதட்டினாள். அதே பழைய அதட்டல்.

அன்றைக்கு எங்கேதான் நின்றாய் என்று கேட்டேன். பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே, வாட்ச்மேன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் என்றாள். வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டானாம், பிறகு பழகிவிட்டதாம். அங்கிருந்து மேடை பாதிதான் தெரியும், ஆனால் சத்தம் நன்றாகக் கேட்குமாம்.

"முதல் சீன்லயே ஒரு வசனத்தை மறந்துட்டு இருமினியே. எல்லாரும் நிஜ இருமல்னு நெனச்சாங்க. எனக்கு அங்கேருந்து கத்திச் சொல்லிடலாமான்னு இருந்துச்சு."

அதை நான் நாவலில் எழுதியதில்லை, ஒருவரிடமும் சொன்னதில்லை. எந்த வசனம் என்று கேட்டேன், எனக்கே ஞாபகம் இல்லை. அக்கா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நிமிர்ந்து, மடங்கின விரல்களோடு வலது கையை நீட்டி, பஸ் நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க ராணியின் குரலில் சொன்னாள்: "படைத்தலைவரே, இந்தக் குதிரைகளுக்கு யாரேனும் தண்ணீர் காட்டினீர்களா?"

ஒரு வார்த்தை பிசகவில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு மறுபடி கண்ணீர் வந்துவிட்டது. அவளுடைய பஸ் வந்தது. படியில் கால் வைத்தவளின் கையைப் பிடித்து, நன்றிக்கா என்றேன்.

எதுக்குடி என்றாள்.

"வந்ததுக்கு."